கச்சான் காலத்துத் தோல்

மே மாதக் கடைசியில் மட்டக்களப்பில் காற்று மாறும். அதுவரை பகல் பத்து மணிக்கெல்லாம் கடலிலிருந்து வந்து உடம்பை ஆற்றிய காற்று பின்வாங்கிவிடும். மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து, காய்ந்த வயல்களையும் வாவியையும் தாண்டி, அனல் வீசத் தொடங்கும். ஊர் இதைக் கச்சான் என்கிறது. ஆனியும் ஆடியும் இதன் ஆட்சி. கொடியில் போட்ட துவாய் எடுக்கப் போவதற்குள் விறைத்துக் கிடக்கும். பிள்ளைகளின் முழங்காலும் முழங்கையும் வெள்ளை பூக்கும். பெரியவர்களின் கெண்டைக்காலில் நகத்தால் கீறினால் கோடு அப்படியே நிற்கும். கேட்டால், "கச்சான் அடிச்சா இப்பிடித்தான் மனே" என்று சொல்லிவிட்டுக் கிழவிகள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

அவர்கள் சொல்வதில் பிழையில்லை. தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தையெல்லாம் சுமந்துகொண்டு இலங்கையின் மேற்குக் கரையில் ஏறுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மலைச்சரிவுகளில் அந்த ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. மலை உச்சியைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது வெறுங்காற்று. ஈரக்காற்று ஆயிரம் மீற்றர் ஏறும்போது ஏறத்தாழ ஆறு பாகை குளிர்கிறது. ஈரத்தை இழந்தபின் அதே ஆயிரம் மீற்றர் இறங்கும்போது பத்துப் பாகை சூடேறுகிறது. கணக்கில் மிஞ்சும் பாகைகள் நம் தலையில். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இதே வகைக் காற்றை 'ஃபோன்' என்கிறார்கள். வானிலையியல் அகராதிகளில் கச்சானுக்கும் தனிப் பதிவு உண்டு. மட்டக்களப்பில் அது கடற்காற்றையே அடக்கிவிடும் அளவுக்குப் பலமானது என்றும், வெப்பத்தை 38 பாகை செல்சியஸ் அருகே கொண்டுபோகும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

நுவரெலியாவில் குடைபிடிக்கும் நாளில் நமக்கு உதடு வெடிப்பது இதனால்தான்.

இதே பருவத்தின் வாசலில், வைகாசியில், வாவியின் இரு கரைகளிலும் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். சடங்கின் நிறைவு திருக்குளிர்த்தி. கொதித்த அம்மனை நீராலும் வேப்பிலையாலும் ஆற்றுவது அது. மழை வேண்டியும் வெக்கை நோய்கள் தணிய வேண்டியும் இந்த மாவட்டம் இந்தச் சடங்கை இந்த மாதத்தில் வைத்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோல் வறட்சி பற்றி நாம் கேள்விப்படும் அறிவுரைகளோ வேறொரு நாட்காட்டியில் நடப்பவை. மார்கழி வந்தால் இந்தியச் சனல்களில் பனிக்காலக் கிறீம் விளம்பரங்கள் ஓடும். மார்கழியில் நமக்கு மழையும் வெள்ளமும். தோல் குறை சொல்லாமல் கிடக்கும். விளம்பரம் ஓய்ந்து, கடைக்காரர் அந்தப் போத்தல்களை உள்ளே தள்ளிவைத்த பிறகுதான் நமக்குத் தேவை தொடங்குகிறது. அப்போது வேர்த்து வழிவதால், உடம்பில் ஈரம் இருக்கிறதென்று நம்பிவிடுகிறோம். வேர்வை தோலுக்கு ஈரம் தருவதில்லை. அது காற்றில் போய்விடும், உப்பு மட்டும் தங்கும். கசகசக்கிறதே என்று இரண்டு முறை, மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறோம். குளித்தபின் பவுடர் கொட்டுகிறோம். இரவு முழுக்க ஃபேனை உடம்புக்கு நேரே விடுகிறோம். கச்சான் பாதி காயவைத்ததை மீதி நாமே காயவைக்கிறோம்.

தண்ணீரா, எண்ணெயா?

தோலின் மேற்புறத்தில் நாம் தொட்டுப் பார்ப்பது உயிரற்ற படலம். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக மற்ற இடங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். தட்டையான இறந்த கலங்கள் பதினைந்து இருபது அடுக்காகக் கிடக்கின்றன. அவற்றுக்கு இடையே செரமைட், கொலஸ்ட்ரோல், கொழுப்பமிலங்கள் சேர்ந்த ஒரு மெழுகுக் கலவை. பழைய பலகைத் தோணியில் பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைப்பார்களே, ஏறத்தாழ அந்த வேலையை இந்த மெழுகு செய்கிறது. தோணியில் வெளித்தண்ணீர் உள்ளே வரக்கூடாது. இங்கே உட்தண்ணீர் வெளியே போகக்கூடாது. அவ்வளவுதான் வேறுபாடு.

அடைப்புக் கழன்றால் நீர் ஆவியாகிறது. படலத்தின் நீர் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது நெகிழ்வை இழந்து வெடிக்கத் தொடங்கும். இன்னொன்றும் நடக்கிறது. பழைய கலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விடுவதற்குத் தோலில் நொதியங்கள் உண்டு. அவை வேலை செய்ய ஈரம் வேண்டும். ஈரம் இல்லாதபோது கலங்கள் தனித்தனியே உதிராமல் ஒட்டிக்கொண்டு செதில் செதிலாய்க் கிளம்புகின்றன. செதிலுக்கு அடியில் காற்றுப் புகுந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. கறுத்த, மாநிறத் தோலில் அது வெள்ளையாய், சாம்பலாய்த் தெரியும். நாம் 'வெள்ளை பூத்திருக்கு' என்பது அதைத்தான். அழுக்கு என்று நினைத்துத் தும்பாலும் பீர்க்கங்கூட்டாலும் உரசித் தேய்ப்பவர்கள் உண்டு. உரசியதும் செதில் போகும், கூடவே அடைப்பும் போகும், மறுநாள் இன்னும் வெள்ளையாய்ப் பூக்கும்.

வறண்ட தோலுக்கு எண்ணெய் போதும் என்பது நம் ஊர் முடிவு. ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர் இர்வின் பிளாங்க் 1952இல் அதை எளிய வழியில் சோதித்தார். காலில் காய்த்த தடிப்புத் தோலின் துண்டுகளை எடுத்துக் காயவைத்தார். சிலவற்றை எண்ணெய்களில் ஊறவைத்தார், சிலவற்றைத் தண்ணீரில். எண்ணெயில் எத்தனை நாள் கிடந்தும் காய்ந்த துண்டு இளகவில்லை, முறுகலாகவே இருந்தது. தண்ணீர் பட்டது இளகியது. தோலை மென்மையாக்குவது நீர். எண்ணெய் செய்வது அந்த நீர் போகாமல் மறிப்பது மட்டுமே. இன்று சந்தையில் இருக்கும் மொய்ஸ்சரைசர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த இரண்டு வரிதான்.

நம் வழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சனிக்கிழமை காலை நல்லெண்ணெயை உடம்பெல்லாம் பூசி ஊறவிடுகிறோம். காய்ந்த தோலின் மேல் எண்ணெய். மறிப்பதற்கு உள்ளே நீர் குறைவு. பிறகு கிணற்றடிக்குப் போய், பிசுக்குப் போகவேண்டுமென்று சீயாக்காயோ சவர்க்காரமோ இரண்டு தரம் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். அந்தக் குளிப்பில் தோல் நீரைக் குடித்து நன்றாக ஊதியிருக்கிறது. சரியாக அந்த நேரத்தில், பூச ஒன்றுமில்லாமல், துவாயால் அழுத்தித் துடைத்துக்கொண்டு கச்சானுக்குள் வந்து நிற்கிறோம். எண்ணெயும் நம்மிடம் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, வரிசைதான் தலைகீழ்.

எண்ணெய் முழுக்கை விடச்சொல்லவில்லை. முன்னால் பூசும் எண்ணெய் சவர்க்காரத்தின் கடுமையிலிருந்து தோலை ஓரளவு காக்கும். முழுகிவிட்டு உறங்கும் மத்தியான உறக்கத்தின் சுகம் வேறு கணக்கு. ஆனால் தோலுக்காகச் செய்வது குளித்து முடித்த பிறகு நடக்கவேண்டும். துவாயால் ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் இன்னும் பளபளக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், தேங்காயெண்ணெயோ கிறீமோ மெல்லிதாகப் பூசிவிடவேண்டும். உடுத்துச் சாப்பிட்டுவிட்டு நினைவு வந்து பூசுவதற்கும் இதற்கும் ஒரே கிழமையில் வித்தியாசம் தெரியும்.

எண்ணெயில் எது என்ற கேள்விக்கு நம் தோப்பிலேயே விடை கிடக்கிறது. பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரை வைத்து 2004இல் வெளியான சோதனையொன்றில், சிலருக்குக் கன்னித் தேங்காயெண்ணெயும் சிலருக்குக் கனிய எண்ணெயும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாதபடி இரண்டு கிழமை பூசச் செய்தார்கள். இரண்டும் ஒரே அளவுக்குப் பலன் தந்தன. 2014இல் கரப்பான் உள்ள 117 பிள்ளைகளிடம் எட்டுக் கிழமை நடத்திய இன்னொரு சோதனையில் தேங்காயெண்ணெய் கனிய எண்ணெயை முந்தியது. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வீட்டில் எடுக்கிற எண்ணெயே போதும். வாசனைத் திரவியம் கலந்த தலைமயிர் எண்ணெய் வேண்டாம்.

தேங்காயெண்ணெய் ஒத்துவராத இடங்களும் உண்டு. பரு வரும் முகத்தில் அது துவாரங்களை அடைக்கும். பொடுகும் தேமலும் உள்ள இடத்தில் பூசினால் அவற்றை உண்டாக்கும் பூஞ்சைக்குச் சோறு போட்டதாகும். அந்தப் பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. 'தேமல் வறட்சிதானே' என்று எண்ணெய் பூசிப் பூசி முதுகு முழுக்கப் பரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வசலீனுக்கு வருவோம். ரொபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்கர் எண்ணெய்க் கிணற்றுக் கசடிலிருந்து எடுத்து 1872இல் காப்புரிமை பெற்ற பொருள். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் நீர் இழப்பை மறிப்பதில் அதை வெல்ல ஒன்று வரவில்லை; தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் மறிக்கிறது. ஆனால் கச்சான் வெக்கையில் உடம்பெல்லாம் அதைப் பூசினால் வியர்க்குரு தெறிக்கும். அதை இரவில் கைக்கும் காலுக்கும் உதட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். பகலுக்குக் கிளிசரின் கலந்த இலேசான கிறீம். கிளிசரின் நீரை இழுத்துப் பிடிப்பது; தனியே வாங்கிப் பூசுபவர்கள் தண்ணீர் கலந்து பூசவேண்டும்.

விலை பற்றி ஒரு சொல். பெரிய ஆள் ஒருவரின் உடம்பு முழுக்கப் பூச ஒரு தடவைக்கே முப்பது கிராம் அளவு கிறீம் வேண்டும். அழகான ஐம்பது கிராம் டியூப் இரண்டு நாளைக்கு வராது. ஆகவே அது விரல் நுனியில் தொட்டு முகத்தில் மட்டும் தடவப்பட்டு, கால்கள் கச்சானுக்கு விடப்படுகின்றன. வீட்டு எண்ணெய் ஒரு போத்தலும் வாசனையில்லாத வசலீன் ஒரு டப்பாவும் வாங்கித் தாராளமாகப் பூசுகிறவர் விலையுயர்ந்த டியூப்பைச் சிக்கனமாகப் பூசுகிறவரைவிட நல்ல தோலோடு இருப்பார். மருந்துக்கடையில் மலிவாய்க் கிடைக்கும் அக்வஸ் கிறீமைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அதில் பெரும்பாலும் சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் இருக்கும். பூசி அப்படியே விட்டால் தோலின் அடைப்பை அதுவே மெலியச் செய்கிறது என்று இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வு 2010இல் காட்டியது. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பூசிக் கழுவிவிட அதைப் பாவிக்கலாம்.

கிணற்றடியில்

நம் தோல் சற்றுப் புளிப்பானது. அதன் அமிலநிலை ஐந்தை ஒட்டியிருக்கும். சாதாரணச் சவர்க்காரம் ஒன்பது, பத்து என்று காரத்தின் பக்கம். ஒரு குளிப்பில் கலைந்த அந்தச் சமநிலை திரும்ப மணித்தியாலங்கள் ஆகும். அதற்குள் அடுத்த குளிப்பு வந்துவிடும். சந்தனம், வேம்பு, மூலிகை என்று உறையில் என்ன படம் போட்டிருந்தாலும், அடிப்படை காரச் சவர்க்காரமாக இருந்தால் நடப்பது இதுதான். கிருமிநாசினி ஊற்றிய தண்ணீரில் தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டுவது இன்னும் மோசம்.

தண்ணீரும் ஊருக்கு ஊர் வேறு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிற வீடுகள் ஒரு பக்கம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையின் மணலில் தோண்டிய கிணறுகள் இன்னொரு பக்கம். கோடை முற்ற முற்ற அவற்றில் சில உவர்க்கும். சவர்க்காரம் நுரைக்க மறுக்கிற கிணறென்றால் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்று பொருள். அந்தச் சத்து சவர்க்காரத்தோடு சேர்ந்து கழுவினாலும் போகாத படிவாகத் தோலில் தங்கி, மணிக்கணக்காக அரிக்கிறது. நுரை வரவில்லையே என்று மேலும் தேய்ப்பது நம் இயல்பு. செய்யவேண்டியது மறுதலை. சவர்க்காரம் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். கைகால் முதுகுக்கு வெறும் தண்ணீர் போதும். வெக்கைக்கு இரண்டு முறை குளிக்கட்டும், யாரும் தடுக்கவில்லை; ஒருமுறை மட்டும் சவர்க்காரம். வெந்நீர் வேண்டாம். கிணற்றின் குளிர்ந்த நீரே தோலுக்கு நல்லது என்ற அளவில் குளிர்நாட்டாரைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள்.

தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் பளபளக்கும் என்று எல்லா வார இதழும் எழுதுகிறது. கச்சானில் வயலில் நிற்பவர் தண்ணீர் குடிக்காவிட்டால் மயங்கி விழுவார், அதற்காகக் குடிக்கவேண்டும். குடித்த தண்ணீர் கெண்டைக்காலின் செதிலை ஆற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எலுமிச்சம் புளியைத் தோலில் தேய்த்துவிட்டு வெயிலில் போவது வறட்சியைப் போக்காது, தோலைக் கருக்கிக் கொப்புளிக்கச் செய்யும். கற்றாழை குளிர்ச்சியாய் இருக்கும். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் மேலே எண்ணெய் பூசாவிட்டால் அரைமணியில் போய்விடும்.

வாவியில் வேலை செய்பவர்களுக்கு இந்த அறிவுரைகளில் பாதி பொருந்தாது. இரவெல்லாம் தோணியில் வலை இழுப்பவர், கரையில் இருந்து இறால் உரிக்கும் பெண், வீட்டில் மீன் கழுவித் தேங்காய் பிழிந்து பாத்திரம் தேய்க்கும் தாய் எல்லாருக்கும் கை நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை ஊறும்போதும் தோலுக்குள் நீரைப் பிடித்துவைக்கும் பொருட்கள் கரைந்து வெளியேறுகின்றன. உவர்நீர் காய்ந்து உப்பு மிஞ்சுகிறது. ஜேர்மனியின் தொழிற்பாதுகாப்பு விதி, நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தால் அதை 'ஈர வேலை' என்று வகைப்படுத்தி, முதலாளி தோலைப் பாதுகாக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் இந்த மாவட்டத்தின் எத்தனை குசினிகள் தொழிற்சாலைகள்! கையுறை போடச் சொன்னால் சிரிப்பார்கள், நியாயம்தான். கையுறையோடு இறால் உரிக்க முடியாது. வேலைக்குப் போகுமுன் ஒரு பூச்சு, வந்து நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவியதும் ஒரு பூச்சு, படுக்கும்போது வசலீன் தடவிப் பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொள்வது. இதுவே செய்யக்கூடியது. இறால் உரிப்பவருக்கு விரலிடுக்கில் கொப்புளமும் கடியும் வந்து ஆறாமல் நின்றால் அது வறட்சியைத் தாண்டிவிட்டது.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சில குடும்பங்களில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரேமாதிரி மீன்செதில் தோல் இருக்கும். உள்ளங்கையில் ரேகை கூடுதலாய் ஓடும். ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருந்தால் இப்படி வறளும், கரப்பானும் எளிதில் வரும் என்று ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தவர் 2006இல் கண்டார்கள். தாயின் சாப்பாட்டையும் கர்ப்பகாலத்துக் கிரகணத்தையும் குற்றம் சொல்லி வந்த மாமிமாருக்கு இது ஒரு பதில். அப்படியானால் பிறந்த நாளிலிருந்து கிறீம் பூசிவந்தால் கரப்பானைத் தடுக்கலாமா? பிரித்தானியாவில் 1,394 பச்சைக்குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள்; தடுக்கவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. வந்தபின் ஆற்றுவதற்குத்தான் பூச்சு.

வறட்சி என்று நினைத்தது

எல்லா வெள்ளையும் கச்சானின் வேலை அல்ல. விளிம்பு மட்டும் வட்டமாய்ச் செதில் கட்டி நடு தெளிந்திருந்தால் படர்தாமரை. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் கடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் கடித்தால் சொறி. தோலில் ஒன்றும் தெரியாமல் உடம்பெல்லாம் வாரக்கணக்கில் கடித்தால் சிறுநீரகம், ஈரல், தைரொயிட், இரும்புச்சத்து இவற்றைப் பரிசோதிக்க வேண்டும். வயதானவரின் கடியை 'முதுமை' என்று தள்ளிவிடுவது எளிது, ஆகவே தள்ளப்படுகிறது.

பாத வெடிப்புக்குத் தனி இடம் கொடுக்கவேண்டும். இலங்கையில் 2005–06இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வு, ஐந்து பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகச் சொன்னது. நீரிழிவு நரம்பைத் தாக்கும்போது பாதம் வேர்ப்பதை நிறுத்துகிறது. வேர்க்காத பாதம் காய்ந்து பிளக்கும். பிளந்தது வலிக்காது, ஏனென்றால் அதே நரம்புதான் வலியையும் சொல்லவேண்டும். வெறுங்காலோடு வயலுக்கும் கோயிலுக்கும் போகிற ஊரில் அந்தப் பிளவு வழியே என்ன புகும் என்று விளக்கத் தேவையில்லை. பித்தவெடிப்பு என்று பெயர் வைத்து, பித்தத்தைத் தணிக்கப் பத்தியம் இருப்பவர்கள், முதலில் இரத்தத்தில் சீனியைப் பார்த்துவிடட்டும்.

இந்தப் பாதங்களைப் பேணும் முறையை இந்த வாவி எப்போதோ அறிந்திருக்கிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து தோணியில் போகும் தூரத்தில், வாவியின் நடுவே மாந்தீவு. பிரித்தானியர் காலத்தில் அங்கே தொழுநோய் வைத்தியசாலை அமைந்தது. நோய் கண்டவர்களை ஊரிலிருந்து பிரித்து நீருக்கு நடுவே வைத்த காலம் அது. தொழுநோயும் நரம்பைத் தாக்குவதுதான். பாதம் உணர்விழக்கும், வேர்வை நிற்கும், தோல் காயும், வெடிக்கும், புண்ணாகும், விரல் குறையும். அதைத் தடுக்க உலகெங்கும் தொழுநோயாளருக்குக் கற்றுத்தரும் பராமரிப்பு மூன்றே படி. சாதாரணத் தண்ணீரில் இருபது முப்பது நிமிடம் பாதத்தை ஊறவைப்பது. தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாய்த் தேய்ப்பது. ஈரம் காயுமுன் எண்ணெயோ வசலீனோ பூசுவது. பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் கண்ட அதே வரிசை. கச்சானில் குதிகால் பிளந்த எவருக்கும் இதைவிட நல்ல வைத்தியம் எந்தக் கடையிலும் இல்லை. பிளவு ஆழமென்றால் யூரியா கலந்த கிறீம் கேட்டு வாங்கலாம். தடித்த குதிகாலுக்கு இருபது விழுக்காட்டளவு. சீனி வருத்தம் உள்ளவர் ஊறவைக்கும் படியையும் தேய்க்கும் படியையும் தாதியிடம் கேட்டபின் செய்யட்டும். பாதத்தில் திறந்த புண் உள்ளவரும் அப்படியே. எண்ணெய்க் காலோடு கிணற்றுக்கட்டில் நடக்கவும் வேண்டாம். வசலீனும் எண்ணெயும் ஊறிய சாரமும் சேலையும் நெருப்பை வேகமாய்ப் பிடிக்கும். அடுப்படியில் நிற்பவர்கள் அதை நினைவில் வைக்கவேண்டும்.

மாந்தீவைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. தேசிய அளவில் தொழுநோய் ஒரு பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்ற நிலையை இலங்கை 1995இல் எட்டியது. அதனால் நோய் போய்விட்டதென்று ஊர் நினைத்தது. போகவில்லை, நாட்டில் ஆண்டுதோறும் புதிதாய்க் கண்டுபிடிக்கிறார்கள், கிழக்கு மாகாணமும் அதில் அடங்கும். அது தொடங்குவது பெரும்பாலும் ஒரு வெளிறிய, காய்ந்த தடமாக. கடிக்காது, நோகாது. அந்த இடம் வேர்க்காது, மயிர் உதிர்ந்திருக்கும், பஞ்சால் தொட்டால் தெரியாது. வலிக்காத வறட்சியைத்தான் நம் ஆட்கள் எண்ணெய் பூசிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். பல மருந்துச் சிகிச்சை வந்ததிலிருந்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை எடுத்தால் முற்றாகக் குணமாகும். அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். யாரையும் தீவுக்கு அனுப்புவதில்லை.

இன்னொரு வறட்சி கடையிலிருந்து வாங்குவது. நிறத்தை வெளுக்கச் செய்யும் கிறீம்கள், அதிலும் உறையில் என்ன இருக்கிறதென்று எழுதாதவை. சிலவற்றில் பாதரசம், சிலவற்றில் கடுமையான ஸ்டீரொய்ட். முதல் மாதம் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரிந்து, வெயில் பட்டால் எரிந்து, நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவக்கும். கல்யாணத்துக்கு முந்தைய மாதங்களில் இவற்றின் வியாபாரம் கூடுகிறது. பெண் பார்க்க வருகிறவர்களின் கண் மாறாதவரை இதை எந்த மருத்துவரும் நிறுத்த முடியாது. இருந்தாலும், கரப்பானுக்கென்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீரொய்ட் பூச்சை, சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்குப் பூசப் பயப்படுபவர்கள் இந்த வெளுக்கும் கிறீமை முகத்தில் தினமும் தேய்ப்பதுதான் விசித்திரம்.

புரட்டாதி கழிந்து ஐப்பசியில் மழை விழுந்தால் பெரும்பாலானவர்களின் தோல் தானாகவே அடங்கும். மேற்படலம் தன்னை முழுதாய்ப் புதுப்பித்துக்கொள்ள இரண்டு கிழமை அளவு போதும். மழை பிடித்து ஒரு மாதமாகியும், பூச்சை ஒழுங்காய்ப் பூசியும், வெள்ளை பூப்பதும் கடிப்பதும் நிற்காதவர் போதனா வைத்தியசாலையிலோ களுவாஞ்சிகுடியிலோ கிளினிக் நாளைக் கேட்டுப் போகவேண்டும். உணர்வற்ற தடம், ஆறாத பாதப் பிளவு, நீர் வடிகிற கரப்பான் இவற்றுக்கு மழைவரை காத்திருக்கக் கூடாது. போகும்போது அன்று காலை எண்ணெயோ பவுடரோ பூசாமல் போங்கள். இதுவரை பூசிய எல்லாவற்றையும், பெயர் எழுதாத டப்பாவையும் பக்கத்துவீட்டு மச்சாள் கொடுத்த டியூப்பையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் அந்தப் பையைத்தான் கேட்பார்.